பசங்க மரத்துல செஞ்ச சாமானுக்கு தீவுத்திடல்ல ஒரு அரங்கு கொடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல போன வாரம் ஒரு ஸ்கூல் கண்காட்சி போட்டோ போட்டிருந்தீங்க. தெர்மாகோல் எரிமலை, தெர்மாகோல் மழைநீர் சேகரிப்பு வீடு, தெர்மாகோல் ராக்கெட், பக்கத்துல யூனிஃபார்ம் கசங்காம பசங்க நிக்கறாங்க. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், ஆனா அந்த மாதிரி மாடல் வேணும்னு உங்க தெரு ஸ்டேஷனரி கடையில போய் கேட்டுப் பாருங்க, எந்த கிளாஸ், என்ன டாபிக், எவ்வளவுக்குள்ள வேணும்னு திருப்பிக் கேப்பாங்க, ராத்திரி சொன்னா காலையில ஸ்கூல் வேன் வர்றதுக்குள்ள ரெடி. கடைக்காரரை நான் குத்தம் சொல்ல மாட்டேன், அது அவர் பொழப்பு. அப்பா அம்மாவையும் சொல்ல மாட்டேன், திங்கக்கிழமை காலையில பிள்ளை வெறுங்கையோட போனா டீச்சர் திட்டுவாங்க.

எனக்கு எரிச்சல் வர்றது மார்க் போடற ஆளு மேலதான். வர்றாரு, கைய பின்னாடி கட்டிக்கிட்டு ஒரு ரவுண்டு அடிக்கறாரு, எது பெருசா இருக்கோ எதுல லைட்டு எரியுதோ அதுக்கு ஃபர்ஸ்ட் பிரைஸ்னு எழுதிட்டு டீ குடிக்கப் போயிடறாரு. ஒரு குழந்தைகிட்டயாவது இதை எப்படிம்மா செஞ்சேன்னு கேக்கறது கிடையாது. கேட்டா என்ன ஆகும்னு அவருக்கே தெரியும்போல.

நான் பெரம்பூர்ல ரயில் பெட்டி செய்யற ஐ.சி.எஃப் ஃபேக்டரியில பர்னிஷிங்ல கார்பென்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். ஃபேக்டரி 1955-ல ஆரம்பிச்சப்ப இங்க பெட்டியோட வெறும் கூடு மட்டும்தான் செஞ்சாங்க, உள்ள சீட்டு, பலகை எல்லாம் பொருத்தற பர்னிஷிங் டிவிஷன் 1962-ல தான் வந்துச்சு, நான் சேந்தது அதுக்கெல்லாம் ரொம்ப பின்னாடி. மரம் தெரியும், அதனால மரத்தைப் பத்தி மட்டும் எழுதறேன். சென்னையில ஸ்கூல் பசங்க தன் கையால மரத்துல செஞ்ச சாமானை வெச்சு வருஷா வருஷம் ஒரு கண்காட்சி நடத்தணும், அதுல மார்க் போடற விதம் மேல சொன்ன மாதிரி இருக்கக் கூடாது. இந்த ரெண்டாவது பாதிதான் முக்கியம், அதுக்குத்தான் இவ்வளவு நீட்டி எழுதறேன்.

பொண்ணு அமெரிக்காவுல இண்டியானாவுல இருக்கா. பேரன் பொறந்தப்ப நானும் வீட்டுக்காரியும் போயிருந்தோம். அங்க கவுன்ட்டின்னு சொல்றாங்க, மாவட்டம்னு வெச்சுக்கங்க, ஆனா நம்மளுதை விட சின்னது. கோடையில ஒவ்வொரு கவுன்ட்டியிலயும் ஒரு ஃபேர் நடக்குது. ராட்டினம், சோளக்கதிர், மாடு, பன்னி, ஆடு, கோழின்னு நம்ம தீவுத்திடலையும் பொள்ளாச்சி சந்தையையும் ஒரே மைதானத்துல கொட்டினாப்ல இருந்துச்சு. அதுல ஒரு பெரிய கொட்டகை முழுக்க பசங்க செஞ்சதுதான், தையல், ஜாம் பாட்டில், போட்டோ, தோட்டத்துல விளைஞ்ச தக்காளி, அப்புறம் வரிசையா மர சாமான். மாப்பிள்ளை ஐஸ்கிரீம் சாப்பிடக் கூப்பிடறாரு, நான் அந்த டேபிளை விட்டு நகரவே இல்ல.

இதை நடத்தறது ஃபோர்-ஹெச்னு ஒரு அமைப்பு, நாலு இலை வெச்ச பச்சை க்ளோவர்தான் அவங்க சின்னம். 1902-ல ஒஹையோவுல கிளார்க் கவுன்ட்டியில ஏ.பி.கிரஹாம்னு ஒரு பள்ளிக்கூட அதிகாரி கிராமத்துப் பசங்களுக்கு ஒரு கிளப் ஆரம்பிச்சாரு, அங்க இருந்து வளந்தது. 1914-ல அவங்க பார்லிமென்ட்டே சட்டம் போட்டு விவசாய யுனிவர்சிட்டிங்க மூலமா ஊர் ஊருக்கு ஆளு அனுப்பற ஏற்பாடு செஞ்சாங்க, அதுக்குள்ள இதுவும் வந்துடுச்சு. இண்டியானாவுல பர்டூ யுனிவர்சிட்டி பாத்துக்குது, மூணாம் கிளாஸ்ல இருந்து பன்னெண்டாம் கிளாஸ் வரைக்கும் சேரலாம். நம்ம கோயம்புத்தூர் விவசாய யுனிவர்சிட்டிக்காரங்க வந்து பசங்களுக்கு உளி பிடிக்க கத்துக் கொடுத்தா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க, எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, ஆனா அங்க அது நூறு வருஷமா நடந்துக்கிட்டிருக்கு.

மரவேலைய நாலு படியா பிரிச்சிருக்காங்க. முதல் படியில அளக்கறது, கோடு போடறது, கை ரம்பத்துல அறுக்கறது, ஆணி அடிக்கறது, உப்புத்தாள் போடறது, அவ்வளவுதான். படி ஏற ஏறத்தான் மெஷின், அதுவும் பெரியவங்க கூட நிக்கணும், கண்ணுக்கு கண்ணாடி மாட்டணும். ஏழாவது படிக்கிற பையன் பிரமாதமா ஒரு டேபிள் கொண்டு வந்தாலும் அவன் படிக்கு அது பொருந்துதான்னு முதல்ல பாப்பாங்க.

ஆனா என்னைப் பிடிச்சு நிறுத்தினது சாமான் இல்லீங்க, சாமானோட கட்டியிருந்த பேப்பர். ஒவ்வொண்ணு கூடவும் ஒரு பிளான். என்ன மரம், எத்தனை துண்டு, ஒவ்வொரு துண்டும் என்ன அளவு, எங்க என்ன ஜாயின்ட், இதெல்லாம் படம் போட்டு இருக்கணும், செய்யும்போது பிளானை மாத்தியிருந்தா எதை மாத்தினேன்னு அதுலயே எழுதணும். பிளான் இல்லாம கொண்டு வந்தா மார்க்கு குறையும். ஒரு ஸ்டூல் பிளான்ல கால் உயரத்தை அடிச்சுட்டு கீழ ஒரு அங்குலம் குறைச்சு எழுதியிருந்துச்சு, ஏன்னா ஒரு கால் தப்பா அறுந்து போச்சு, அதுக்கு மத்த மூணையும் சேத்து வெட்டியிருக்கான் பையன். ஐ.சி.எஃப்ல டிராயிங்கைப் பாக்காம ஒரு ஸ்குரூ முடுக்க முடியாது, மாத்தினா மாத்தினதுக்கு கையெழுத்து வேணும். அந்தப் பழக்கத்தை பத்து வயசுல வர வெக்கறாங்களேன்னு நான் வாயைப் பொளந்துட்டேன். கடையில வாங்கின மாடலுக்கு இந்த பேப்பரை எழுதறது ரொம்ப கஷ்டம், எழுதினாலும் ரெண்டு கேள்வியில தெரிஞ்சுடும்.

அடுத்தது ரிப்பன். நீலம், சிவப்பு, வெள்ளைன்னு மூணு கலர். ஒரு பிரிவுல ஒரே ஒரு ஃபர்ஸ்ட், ஒரு செகண்ட்னு கிடையாது. இந்த படிக்கு இந்த அளவு வேலை சுத்தம் வேணும்னு ஒரு அளவுகோல் வெச்சிருக்காங்க, அதைத் தொட்டா நீலம், கொஞ்சம் கம்மின்னா சிவப்பு, இன்னும் கத்துக்கணும்னா வெள்ளை. பத்து பசங்க தொட்டா பத்து பேருக்கும் நீலம், யாரும் தொடலன்னா நீலமே கிடையாது. டேனிஷ் முறைன்னு இதுக்குப் பேரு. அதுக்கு அப்புறம் நீலம் வாங்கினதுல இருந்து சாம்பியன் ஒண்ணைத் தனியா எடுக்கறாங்க, ஸ்டேட் ஃபேருக்கு அனுப்ப, அது வேற கணக்கு. நம்ம ஊர்ல நூறு பேர்ல மூணு பேருக்கு மேடையில கப்பு, மிச்ச 97 பேருக்கு பார்டிசிபேஷன் சர்டிஃபிகேட்டு, அதுல பேரு கூட தப்பா இருக்கும். அந்த 97 பேர்ல யார் நல்லா செஞ்சான், யார் எதைச் சரி பண்ணணும்னு ஒருத்தரும் சொல்றது இல்ல.

மார்க் போடறவங்க குழந்தைய எதிர்ல உக்கார வெச்சு பேசறதை அங்கதான் பாத்தேன். ஒரு பொண்ணு, பத்து வயசு இருக்கும், பறவைக்கூடு கொண்டு வந்திருக்கா. ஜட்ஜ் ஒரு தாத்தா, ஓட்டை ஏன் இந்த சைஸ்னு கேட்டாரு. அந்தப் பொண்ணு சொல்லுச்சு, இது ப்ளூபேர்டுக்கு, ஒண்ணரை அங்குலம்தான் இருக்கணும், பெருசா போட்டா ஸ்டார்லிங்னு வேற பறவை உள்ள பூந்துடும்னு. ஓட்டைக்கு கீழ குருவி உக்கார குச்சி ஏன் வெக்கலன்னாரு, ப்ளூபேர்டுக்கு குச்சி தேவையில்ல, வெச்சா மத்ததுங்க வந்து உக்காந்து தொல்லை பண்ணும்னு பதில். அடியில நாலு மூலையிலயும் தண்ணி வடிய சின்னதா ஓட்டை, சுத்தம் பண்ண ஒரு பக்கம் திறக்கற மாதிரி பலகை. மேல ஒரு ஆணி கொஞ்சம் வெளிய எட்டிப் பாத்துச்சு, அதை அவரு விரலால தொட்டுக் காட்டினாரு, அவளும் தலையாட்டினா. சிவப்பு ரிப்பன். அழல, அடுத்த வருஷம் ஆணிக்கு பதில் ஸ்குரூ போடுவேன்னு அவங்கம்மாகிட்ட சொல்லிக்கிட்டே போச்சு.

இதுல ஒரு வேடிக்கை, அந்த ஊர்ல ப்ளூபேர்டு கூட்டை ஆக்கிரமிக்கற வில்லன் யாருன்னு கேட்டா நம்ம சிட்டுக்குருவி. 1850கள்ல ஐரோப்பாவுல இருந்து கொண்டு போய் விட்டாங்க, இப்ப விரட்ட வழி தேடறாங்க. நாம இங்க மார்ச் 20 ஆனா சிட்டுக்குருவி தினம் கொண்டாடி அட்டைப்பெட்டி மாட்டறோம். பெட்டி மாட்டறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், சிட்டுக்குருவிக்கு ஓட்டை 32 மில்லிமீட்டர் போதும், நிறைய பேர் கை நுழையற அளவு போட்டு வெக்கறாங்க, அதுல காக்கா மூக்கை விட்டு முட்டைய எடுத்துடும்.

சரி, மரவேலையில மார்க் எங்க போகும் எங்க வரும்னு என் அனுபவத்துல சொல்றேன், இதை நடுவர்களுக்கு பாடமாவே வெக்கலாம். முதல்ல சாமானை எடுத்து தலைகீழா கவுத்துப் பாக்கணும். மேல பக்கம் எல்லாரும் பளபளன்னு வெச்சிருப்பாங்க, அடிப்பக்கம்தான் செஞ்சவனோட மனசு. கண்ணை மூடிக்கிட்டு விளிம்பு முழுக்க விரலை ஓட்டணும், சிராய் குத்தினா அங்கயே தெரிஞ்சுடும். டப்பா, ஃபிரேம் மாதிரி இருந்தா மூலைக்கு மூலை குறுக்கால டேப் வெச்சு அளக்கணும், ரெண்டு குறுக்களவும் ஒண்ணா இருந்தாத்தான் மூலமட்டம் சரி, ஒண்ணு கூட ஒண்ணு கம்மின்னா கோணல், கண்ணுக்கு நேரா தெரிஞ்சாலும் கோணல்தான். ஸ்டூலை நல்ல சமதளத்துல வெச்சு ஒரு மூலைய அழுத்தினா ஆடக் கூடாது. ஃபெவிகால் வழிஞ்சதை ஈரத்துணியால உடனே துடைக்கலன்னா அந்த இடத்துல பாலிஷ் ஏறாது, வெள்ளையா தேமல் கணக்கா நிக்கும். உப்புத்தாளை ரேகை ஓடற பக்கமாவே தேய்க்கணும், குறுக்கால தேய்ச்ச கீறல் சாதாரணமா தெரியாது, பாலிஷ் போட்டதும் எல்லாம் எழுந்து வந்து நிக்கும். 80, 120, 220ன்னு நம்பர் ஏத்திக்கிட்டே போகணும், பசங்க 80ல இருந்து ஒரே தாவா 220க்கு போவாங்க, கை வலிக்குதுல்ல. பென்சில் கோடு அழிக்காம வெச்சு வார்னிஷ் அடிச்சிருந்தா அது ஆயுசுக்கும் அங்கயே இருக்கும்.

அப்புறம் சென்னைக்குன்னே ஒரு கேள்வி இருக்கு. மரம் நீளவாக்குல அசையறது கண்ணுக்கே தெரியாது, அகலவாக்குல உப்பும் சுருங்கும். மே மாசம் கத்திரி வெயில்ல கச்சிதமா உக்காந்த டிராயர் ஐப்பசி மழையில இழுத்தா வராது. மூடி வெச்ச பெட்டி செஞ்ச பையன்கிட்ட, ஏன்டா இங்க நூல் அளவு இடைவெளி விட்டிருக்கன்னு கேளுங்க. மழை சார், உப்பும் சார்னு சொன்னான்னா கண்ணை மூடிக்கிட்டு நீல ரிப்பன் கொடுத்துடலாம்.

நம்ம ஊர்ல ஒண்ணுமே இல்லையான்னு கேக்கலாம். இருக்கு. அறிவியல் கண்காட்சி ரொம்ப நாளா இருக்கு. அரசுப் பள்ளிப் பசங்களுக்கு 2022-ல இருந்து கலைத்திருவிழா நடத்தறாங்க, பாட்டு, ஆட்டம், ஓவியம்னு வட்டாரம், மாவட்டம், மாநிலம் வரைக்கும் போறாங்க, நல்ல ஏற்பாடு, நான் பாராட்டறேன். நாங்க படிக்கும்போது கைத்தொழில் பீரியட்னு ஒண்ணு இருந்துச்சு, தக்ளியில நூல் நூத்தோம், சில ஸ்கூல்ல தச்சுப் பட்டறை கூட வெச்சிருந்தாங்க. 1937-ல வார்தாவுல காந்தி சொன்ன ஆதாரக் கல்வியோட வால்தான் அது. அப்புறம் அந்த பீரியடை மேத்ஸ் வாத்தியார் வாங்கிக்கிட்டாரு, பட்டறை ரூம்ல உடைஞ்ச பெஞ்சைப் போட்டு பூட்டிட்டாங்க.

இந்த இடத்துல ஒண்ணைப் பேசாம போனா நான் யோக்கியன் இல்ல. தமிழ்நாட்டுல பசங்க கையில உளி கொடுக்கணும்னு சொன்னா அடுத்த நிமிஷம் குலக்கல்வின்னு ஒருத்தர் எழுந்து நிப்பாரு, அவரு எழுந்து நிக்கறதுல நியாயம் இருக்கு. 1953-ல ராஜாஜி கொண்டு வந்த திட்டத்துல பாதி நேரம்தான் ஸ்கூல், மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கத்துக்கோன்னாங்க, ஆசாரி பையன் ஆசாரியாவே, குயவர் பையன் குயவராவே இருன்னுதான் அதுக்கு அர்த்தமாச்சு. பெரியார் எதுத்தாரு, ஊரே எதுத்துச்சு, 1954-ல காமராஜர் முதலமைச்சர் ஆனதும் அதைத் தூக்கிப் போட்டாங்க. நல்லதுதான் செஞ்சாங்க, எங்கப்பா கொட்டாப்புளி, அதான் தச்சன் மரச்சுத்தி, பிடிச்ச கைதான், ஆனா என்னைப் படிக்க வெச்சுதான் ரயில்வேயில உக்கார வெச்சாரு.

நான் கேக்கறது அதுக்கு நேர் எதிர்ப்பக்கம். ஸ்கூல் நேரத்துல ஒரு நிமிஷம் கூட எடுக்க வேணாம். வங்கி மேனேஜர் பையன், ஆட்டோக்காரர் பொண்ணு, டாக்டர் பிள்ளை, எங்க வீட்டுப் பேத்தி எல்லாரும் ஒரே பெஞ்சுல நின்னு ஒரே ரம்பத்தைப் பிடிக்கட்டும். தச்சு வேலை ஒரு சாதியோட வேலையா இருந்தவரைக்கும்தான் அதுக்கு மரியாதை கம்மி, கூலி கம்மி. எல்லார் வீட்டுப் பிள்ளையும் ஒரு தடவை மணைப்பலகை செஞ்சு பாத்துடுச்சுன்னா கார்பென்டர் கேக்கற கூலிய அடுத்த தடவை பேரம் பேச வாய் வராது. முக்கியமா பொண்ணுங்க வரணும், இழைப்புளி பிடிக்க மீசை தேவையில்ல. உலக அளவுல வேர்ல்டு ஸ்கில்ஸ்னு ஒரு போட்டி 1950-ல இருந்து நடக்குது, அதுல ஜாயினரி, கேபினட் மேக்கிங், கார்பென்ட்ரின்னு மரத்துக்கே மூணு பிரிவு, 22 வயசுக்குள்ள இருக்கணும், இந்தியாவும் 2007-ல இருந்து ஆள் அனுப்புது. பன்னெண்டு வயசுல ரம்பத்தைத் தொட்டவன்தான் இருபதுல அங்க போய் நிக்க முடியும்.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் இருக்கேன்னு இன்னொருத்தர் கேப்பாரு. 14 வயசுக்குக் கீழ வேலைக்கு வெக்கக் கூடாதுங்கறதை 2016-ல இன்னும் இறுக்கினாங்க, இறுக்கினது சரி. ஆனா தனக்கு ஒரு புக் ஸ்டாண்ட் செஞ்சுக்கறது வேலைக்கு வெக்கறது இல்லீங்களே. பாதுகாப்பு மட்டும் கறாரா இருக்கணும். நம்ம ஆளுங்க தரையில குந்தி உக்காந்து கால் கட்டை விரலால மரத்தை அழுத்திக்கிட்டு உளி அடிப்பாங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், பசங்களுக்கு அது வேணாம், பெஞ்சும் வைஸும் வேணும், மரத்தை வைஸ் பிடிச்சுக்கிட்டா ரெண்டு கையும் உளிக்குப் பின்னாடி வந்துடும், வெட்டு படாது. மொட்டை உளிதான் கையை வெட்டும், தீட்டின உளி மரத்தை வெட்டும். ஷூ போடணும், கண்ணாடி, மாஸ்க். மரத்தூளை புத்துநோய் வரவழைக்கற பொருள்னு உலக சுகாதார அமைப்போட ஆராய்ச்சிக்காரங்களே லிஸ்ட்ல போட்டிருக்காங்க, அதனால மாஸ்க் விஷயத்துல கொஞ்ச நேரம்தானேன்னு விடக் கூடாது. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்யற எம்.டி.எஃப் பலகைய பசங்க தேய்க்கவே வேணாம், அதுல இருக்கற பசை, பவுடர் மாதிரி பறக்கற தூசி ரெண்டும் ஆகாது.

மரத்துக்கு எங்க போறது, தேக்கு விலை தெரியுமான்னு கேட்டா, தேக்கு எதுக்குங்க? இது துறைமுகம் இருக்கற ஊரு. வெளிநாட்டுல இருந்து மெஷின் ஏறி வர்ற பேலட்டும், அதான் சரக்கு வெக்கற மரத்தட்டு, பேக்கிங் கட்டையும் நிறைய பைன் மரம், இழைச்சா வாசனையே தனி, பசங்க கைக்கு லேசா இருக்கும். ஒண்ணே ஒண்ணு மட்டும் பாக்கணும், அந்தக் கட்டையில கோதுமைக்கதிர் படத்தோட ஒரு முத்திரை குத்தியிருப்பாங்க, அதுல இங்கிலீஷ்ல HTன்னு இருந்தா சூடு பண்ணி பூச்சியைக் கொன்னது, எடுக்கலாம். MBன்னு இருந்தா மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடாதீங்க, அடுப்பெரிக்கவும் வேணாம். முத்திரையே இல்லன்னா விட்டுடுங்க. சைடன்ஹாம்ஸ் ரோடு பக்கம் மரக்கடைங்க இருக்கு, அறுவை மில்லுல துண்டு துக்கடா எடைக்குக் கொடுப்பாங்க, அதுல வேம்பும் வாகையும் பூவரசும் கிடைக்கும். டூல்ஸ் பிராட்வேயில கிடைக்காதது கிடையாது, ரம்பம், ரெண்டு உளி, சுத்தி, இழைப்புளி, மூலமட்டம், டேப், இதெல்லாம் சேத்தாலும் ஒரு நல்ல இங்கிலீஷ் வில்லோ கிரிக்கெட் பேட் விலை வராது. அந்த பேட்டை வாங்கித் தர்ற அப்பாங்க சென்னையில எத்தனை ஆயிரம் பேர் இருக்காங்க.

இன்னொண்ணு, கார்ப்பரேஷன் காதுல விழணும். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடிச்சப்ப இந்த ஊர்ல ஆயிரக்கணக்குல மரம் சாஞ்சுச்சு, ரோட்டுல கிடந்ததை துண்டு போட்டு லாரியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. ஒவ்வொரு மழைக்கும் ஏதோ நாலு மரம் விழத்தான் செய்யுது. அதுல நல்லா வைரம் பாஞ்ச அடிமரத்தை மட்டும் பலகையா அறுத்து, இடையில ரீப்பர் வெச்சு காத்தோட்டமா அடுக்கி, நிழல்ல காய விட்டா ஒரு அங்குல கனத்துக்கு சுமார் ஒரு வருஷம்னு கணக்கு. அடுத்த வருஷம் கார்ப்பரேஷன் ஸ்கூல் பசங்களுக்கு அதுதான் மரம். தூங்குமூஞ்சி மரத்துல வெளிப்பக்க வெள்ளைக் கட்டைய வெட்டி எறிஞ்சுடணும், வண்டு அடிச்சு மாவா கொட்டும். ரிப்பன் பில்டிங்ல யாராவது இதைப் படிச்சா ஒரு கொட்டகை மட்டும் ஒதுக்குங்க, அடுக்கறதுக்கு என்னை மாதிரி கிழவனுங்க வந்து நிப்போம்.

என்ன செய்யச் சொல்றது? அமெரிக்காவுல செய்யற பறவைக்கூடு, டூல் பாக்ஸ் எல்லாம் நல்லதுதான், ஆனா நம்ம வீட்டு சாமானுக்கு என்ன குறை. எட்டு, ஒன்பது வயசுக்கு மணைப்பலகை, ஒரே பலகை, அடியில ரெண்டு குறுக்குக் கட்டை, ஆடாம இருக்கணும், இதை ஒழுங்கா செஞ்சாலே பாதி தச்சு வேலை வந்துடும். அடுத்தது சிட்டுக்குருவிக் கூடு. பதினொண்ணு, பன்னெண்டு வயசுல இழுப்பு மூடி வெச்ச அஞ்சறைப்பெட்டி, அந்த மூடி ஓடற காடியை நேரா எடுக்கறதுக்குள்ள பொறுமைன்னா என்னன்னு தெரிஞ்சுடும். பல்லாங்குழி செய்யலாம், ரெண்டு வரிசையில ஏழேழு குழி, பதினாலும் ஒரே ஆழம் வரணும், வராது, அதான் விஷயம். பெரிய பசங்களுக்கு நடைவண்டி, மடக்கற மாதிரி மூணு படி கொலுப்படி. ஒரே மரத்துண்டுல ஆணியே இல்லாம ரெண்டு பலகையா மாட்டிக்கிட்டு நிக்கற, புத்தகம் வெச்சுப் படிக்கற சிக்குப்பலகைய ஒரு பையன் செஞ்சு கொண்டு வந்தான்னா நான் எழுந்து நின்னு கும்பிடுவேன். கழுந்தும் துளையும் வெச்சு ஆணியில்லாம சேக்கறது நம்ம தேர் செய்யறவங்களுக்கு தண்ணி பட்ட பாடு, இலுப்பைக் கட்டையில அவங்க செய்யற வேலைய மயிலாப்பூர் தேரு ஓடும்போது கிட்ட போய் பாருங்க. பெரம்பலூர் பக்கம் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல புவிசார் குறியீடு கொடுத்தாங்க, அந்த ஊர்க்காரங்களை ஒரு நாள் கூப்பிட்டு வந்து பசங்க முன்னாடி உக்கார வெச்சா போதும்.

இடத்துக்கு வர்றேன். தீவுத்திடல்ல சுற்றுலாத்துறை நடத்தற பொருட்காட்சி ரொம்ப வருஷமா நடக்குது. பொங்கல் சமயத்துல மொத்த சென்னையும் அங்கதான். ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் ஒரு அரங்கு போடுது, உள்ள போனா ஃபிளெக்ஸ் போர்டு, ஒரு மாடல் அணைக்கட்டு, ஒரு டி.வி, யாரும் நிக்கறது இல்ல, நேரா டெல்லி அப்பளத்துக்குப் போயிடறாங்க. அந்த அரங்குல ஒண்ணே ஒண்ணை பள்ளிக்கல்வித்துறை பசங்க மரவேலைக்கு கொடுக்கட்டும். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, கார்ப்பரேஷன் பள்ளி எல்லாம் ஒண்ணா. ஜூன்ல அறிவிப்பு, ஏழு மாசம் டைம், செய்யறதுக்கு தாராளமா போதும். பிளான் ஷீட் தமிழ்ல இருக்கட்டும், ஒரே பக்கம், அளவு, மரம், அது எங்க கிடைச்சது, என்ன செலவாச்சு, எதை மாத்தினேன், எதுக்கு பெரியவங்க உதவினாங்க. இந்தக் கடைசிக் கேள்விய கட்டாயம் வெக்கணும், அறுக்கும்போது மாமா பிடிச்சுக்கிட்டாருன்னு எழுதறதுல தப்பே இல்ல, எழுதாம விடறதுலதான் தப்பு.

நடுவருங்க யாருங்கறதுல மட்டும் யாரும் சிபாரிசுக்கு வரக் கூடாது. சினிமாக்காரங்க வேணாம், கவுன்சிலர் வேணாம், அவங்க ரிப்பன் கட் பண்ணட்டும், இந்த ரிப்பன்ல கை வெக்க வேணாம். ஐ.டி.ஐ.யில கார்பென்டர் டிரேடு சொல்லிக் கொடுக்கறவங்க, ஐ.சி.எஃப்ல, துறைமுகத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க, தேர் ஆசாரிங்க, இவங்க ஒரு இருபது பேர் உக்காந்தா போதும். ஒரு குழந்தைக்கு அஞ்சு நிமிஷம், எதிர்ல உக்கார வெச்சு கேள்வி கேக்கணும், கவுத்துப் பாக்கணும், என்ன நல்லா இருக்கு, எதை சரி பண்ணணும்னு ரெண்டு வரி கையால எழுதிக் கொடுக்கணும். ஜனங்க சுத்தி நின்னு கேக்கட்டும், ராட்டினத்துக்கு டிக்கெட் வாங்கினவன் கூட நின்னு கேப்பான், நான் அந்தக் கொட்டகையில நின்னேனே.

லெட்டர் பெருசாயிடுச்சு, உங்களுக்கு இடம் பத்தாதுன்னு தெரியும். அமெரிக்கா போன கதைய வெட்டிக்கங்க, சிட்டுக்குருவியையும் வெட்டிக்கங்க. பிளான் ஷீட்டு, மூணு கலர் ரிப்பன், நடுவர் குழந்தைகிட்ட பேசணுங்கறது, இந்த மூணை மட்டும் வெட்டாம போடுங்க சார்.

இப்படிக்கு,
ஐ.சி.எஃப் பர்னிஷிங் ரிட்டயர்டு கார்பென்டர் ஒருவர்,
அயனாவரம், சென்னை-23